வெள்ளிக்கிழமை நாயகன்

தமிழ்த் திரைப்பட உலகைப் பற்றி எவரேனும் பேசத் தொடங்கினால், அப்பேச்சு இரண்டு பெயர்களில் தொடங்கி அவ்விரண்டு பெயர்களிலேயே முடிவது வழக்கம். ஒருவர் எம். ஜி. இராமச்சந்திரன், மற்றவர் சிவாஜி கணேசன். அவ்விருவரும் மலைகள். மலைகளைப் போற்றுவது தவறன்று. ஆயினும் மலைகளை மட்டுமே கொண்டு ஒரு நாடு வாழ்ந்துவிடுவதில்லை. நெல் விளைவது சமவெளியில். அந்தச் சமவெளியில் ஏறத்தாழப் 15 ஆண்டுகள் ஓயாது ஏர் பிடித்த நடிகர் ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். அவர் பெயர் ஜெய்சங்கர்.

இளைய நேயர்கள் அவரை வேறு வடிவில் அறிந்திருக்கக்கூடும். 1991ஆம் ஆண்டு வெளிவந்த ‘தளபதி’ படத்தில் மாவட்ட ஆட்சியரின் தந்தையாக வரும் பெரியவர் அவரே. அவர்களுடைய தந்தையர் தலைமுறையோ, கையில் துப்பாக்கியும் முகத்தில் குறும்புச் சிரிப்புமாக அவரை நினைவில் வைத்திருக்கின்றது. ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்றும் ‘மக்கள் கலைஞர்’ என்றும் அவரை அழைத்தனர். துப்பாக்கி ஏந்திய இளைஞர் அந்தத் தந்தையாக மாறும்வரை நடந்து வந்த வழி எத்தகையது? அந்த வழியிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

1938ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் சங்கர். சென்னைப் புதுக்கல்லூரியில் பயின்றார். பின்னர்ச் சட்டம் பயிலப் புகுந்து, அதனை இடையிலே விட்டு, நாடக மேடையை நாடினார். சோ இராமசாமி முதலியோர் நடத்திய பயில்முறைக் குழுக்கள் சென்னையில் தழைத்திருந்த காலம் அது. பகலில் அலுவலகத்தில் எழுதுவோரும் கல்லூரியில் படிப்போரும் மாலையில் அரிதாரம் பூசிக்கொள்வர். அத்தகைய மேடைகளிலே சிறு வேடங்களில் தோன்றிய சங்கரை ஜோசப் தளியத் என்னும் இயக்குநர் தேர்ந்தெடுத்தார். புதுமுகங்களை நம்பிப் பணம் போடும் துணிவு தளியத்துக்கு உண்டு. 1960ஆம் ஆண்டு ‘விஜயபுரி வீரன்’ என்னும் படத்தில் சி. எல். ஆனந்தனை நாயகனாக்கி வெற்றி கண்டவர் அவர். சங்கர் என்னும் பெயருக்கு முன்னால் ‘ஜெய்’ என்னும் வெற்றிச் சொல்லைச் சேர்த்தவரும் அவரே.

அந்த முதற் படம் ‘இரவும் பகலும்’. அது வெளிவந்த நாளைக் கவனியுங்கள்: 1965ஆம் ஆண்டு ஜனவரி 14, பொங்கல் நாள். அதே நாளில் எம். ஜி. ஆர். இரு வேடங்களில் நடித்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வண்ணப் படமாக வெளிவந்தது. சிவாஜி கணேசன் நடித்த ‘பழநி’யும் அன்றே வெளிவந்தது. இரு பெருங்கப்பல்கள் துறைமுகத்தின் வாயிலை நிறைத்து நிற்கும்போது ஒரு சிறு வத்தை உள்ளே நுழைய முயல்வதை எண்ணிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில், எளிய செலவில், மக்கள் முன்பின் கண்டிராத ஒரு முகத்துடன் வந்தது ‘இரவும் பகலும்’. அது மூழ்கவில்லை, கரை சேர்ந்தது. அதே ஆண்டிலேயே ‘பஞ்சவர்ணக் கிளி’, ஏவி. எம். நிறுவனத்தாரின் ‘குழந்தையும் தெய்வமும்’ ஆகிய படங்களிலும் அவர் நாயகனானார்.

அடுத்த ஆண்டு அவரை அழைத்தது சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம். ஏற்காடு செல்லும் சாலையில் டி. ஆர். சுந்தரம் எழுப்பிய அந்நிறுவனம் ஒரு தொழிற்சாலையின் ஒழுங்குடன் படம் எடுத்தது. சுந்தரம் 1963ஆம் ஆண்டு மறைந்தபின், அவர் மைந்தர் பொறுப்பேற்று நடத்தினார். 1962ஆம் ஆண்டு ‘டாக்டர் நோ’ என்னும் ஆங்கிலப் படத்தின் வழியாக ஜேம்ஸ்பாண்ட் என்னும் உளவாளி உலகெங்கும் புகழ் பெற்றிருந்தான். அந்த உளவாளியைத் தமிழ் பேசவைத்தால் என்ன என்று சேலத்தார் எண்ணினர். ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ என்னும் படங்கள் 1966ஆம் ஆண்டு வந்தன. 1970ஆம் ஆண்டு ‘சி. ஐ. டி. சங்கர்’ வந்தது. இப்படங்களுக்கு வேதா இசையமைத்தார். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் பிறந்த கதை இதுவே.

குறைந்த செலவில் படம் எடுப்பது எங்ஙனம் என்பதைச் சற்று விரித்துக் கூற விரும்புகின்றேன். அதனை அறிந்தாலன்றி இந்நடிகரின் அருமை விளங்காது.

படச்சுருளுக்கு அன்றைய இந்தியாவில் வெளிநாட்டுச் செலாவணி வேண்டியிருந்தது. வண்ணச் சுருளின் விலையோ சிறு முதலாளிகளின் கைக்கு எட்டாது. எனவே கறுப்பு வெள்ளை. புராணக் கதைக்கு அரண்மனை வேண்டும். அரச கதைக்குக் குதிரைகளும் படைவீரரும் வேண்டும். துப்பறியும் கதைக்கோ ஓர் இருண்ட தெரு, ஒரு மோட்டார் வண்டி, ஒரு பண்டசாலை, ஒரு நடன விடுதி, சுவரில் ஓர் இரகசியக் கதவு ஆகியன போதும். நேற்றுச் செல்வந்தர் மாளிகையாக இருந்த அரங்கில் திரைச்சீலையையும் நாற்காலிகளையும் மாற்றினால் இன்று அது கள்ளக் கடத்தற்காரனின் பாசறை. பணம் செய்ய வேண்டிய வேலையைக் கதையின் விரைவு செய்தது. ‘கொலையாளி யார்?’ என்னும் வினா மனத்தில் எழுந்துவிட்டால், பின்னாலிருக்கும் சுவர் அட்டையா கல்லா என்று எவரும் ஆராய்வதில்லை.

எனினும் இவ்வளவு சிக்கனத்தையும் ஒரே நாளிற் குலைத்துவிடக்கூடியவர் ஒருவர் உண்டு. அவர் கதாநாயகன். காலை ஏழு மணிக்கு வரவேண்டியவர் பதினொரு மணிக்கு வந்தால், விளக்குப் பிடிப்போரும் தச்சரும் ஒப்பனையாளரும் துணை நடிகரும் வேலையின்றிக் காத்திருப்பர். கூலியோ கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ‘கால்ஷீட்’ என்று திரையுலகினர் வழங்கும் நாட்கணக்கு ஒரு வாரம் பிசகினால் சிறு முதலாளியின் வட்டி பெருகிவிடும். ஜெய்சங்கரோடு பணியாற்றியோர் பலரும் அவரைப் பற்றிக் கூறுவது ஒன்றுண்டு: சொன்ன நேரத்திற்கு வருவார், சிறு முதலாளிக்கு வளைந்து கொடுப்பார், எளிமையாகப் பழகுவார். தமிழ்ப்படத்தின் சிறு முதலாளிக்கு அந்நாளில் இதைவிடப் பெரிய மூலதனம் வேறு இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பெரிய நட்சத்திரம் ஒருவர் ஓர் ஆண்டில் எத்தனை படங்களில் நடித்துவிட முடியும்? ஆனால் ஆண்டுக்கு வெள்ளிக்கிழமைகள் 52. சிற்றூர்களிலே கீற்றுக் கொட்டகை நடத்துவோனுக்கு வாரந்தோறும் புதிய சுவரொட்டி வேண்டும். அங்கே முறுக்கும் கடலையும் விற்போனுக்குக் கூட்டம் வேண்டும். இடையிலிருந்த விநியோகஸ்தருக்குப் பெட்டி வேண்டும். அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்களுள் முதன்மையானவர் ஜெய்சங்கர். ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்னும் பெயர் அவருக்கு வந்ததும் இதனாலேயே. அப்பெயரைச் சிலர் ஏளனமாகவும் சொல்லியிருக்கலாம். நான் அதனை ஒரு விருதாகவே கொள்கின்றேன்.

இத்தகைய நிலை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1930களில் ஒரே கட்டணத்திற்கு இரண்டு படங்கள் காட்டும் வழக்கம் பரவியது. முதலாவது பெரும்பொருட் செலவில் ஆனது. இரண்டாவது சிறு செலவில் விரைந்து முடித்தது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஜோன் வெயின், 1939ஆம் ஆண்டு ‘ஸ்டேஜ்கோச்’ என்னும் படத்தில் உயர்வு பெறும்வரை, பல ஆண்டுகள் அத்தகைய சிறு குதிரைவீரர் படங்களிலேயே உழைத்தார். சிறு படங்கள் கலைஞருக்குப் பயிற்சிக்கூடமாகவும் தொழிலாளருக்குச் சோற்றுக்கலமாகவும் அங்கும் இருந்தன, இங்கும் இருந்தன.

துப்பாக்கி மட்டுமே அவருடைய கருவி என்று எண்ணிவிடலாகாது. ‘யார் நீ?’ என்னும் மருமப் படத்திலே 1966ஆம் ஆண்டு ஜெயலலிதாவோடு நடித்தார். 1967ஆம் ஆண்டு ‘பட்டணத்தில் பூதம்’ சிறுவர்களை மகிழ்வித்தது. 1968ஆம் ஆண்டு ‘ஜீவனாம்சம்’ குடும்பத் துயரைச் சொன்னது. ‘நீலகிரி எக்ஸ்பிரஸ்’ புகைவண்டியில் நிகழ்ந்த கொலையின் புதிரைச் சொன்னது. கே. பாலசந்தர் இயக்கத்தில் 1969ஆம் ஆண்டு ‘பூவா தலையா’ வந்தது. ஒளிப்பதிவாளரும் இயக்குநருமாகிய எம். கர்ணன், அமெரிக்க மேற்குப் பகுதியின் குதிரைவீரர் கதைகளைத் தமிழ் மண்ணுக்கு இறக்கி, ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று 1970களின் தொடக்கத்திற் படைத்தபோதும், குதிரை மேல் இருந்தவர் நம் ஜெய்சங்கரே.

இவற்றுள் ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் நெஞ்சை விட்டு அகலாத படம் ஒன்று உண்டு. அது பாலசந்தர் 1971ஆம் ஆண்டு இயக்கிய ‘நூற்றுக்கு நூறு’. அதில் ஜெய்சங்கர் ஒரு கணிதப் பேராசிரியர். அவர்மீது ஒழுக்கக் குற்றச்சாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. உண்மை இன்னதென்று தெரியுமுன்பே ஊர் தீர்ப்பு எழுதிவிடுகின்றது. அடிதடியில் வல்ல நாயகன் அடிக்க ஒருவரும் இல்லாத களத்தில் நிற்கின்றான். அவன் கையில் இருப்பது சுண்ணக்கட்டி மட்டுமே. குற்றச்சாட்டை ஆராயாமற் புறந்தள்ளுவதும் அநீதி, ஆராயாமல் ஏற்பதும் அநீதி என்னும் பாடத்தை ஆசிரியர் கலாசாலைகளிலும் காட்டத் தக்க வகையில் அப்படம் கூறுகின்றது. அடக்கமாக நடிக்கவும் அவருக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று.

புகழ மட்டும் வந்தேன் அல்லேன்; குறையும் கூறவேண்டும். அவருடைய படங்களுட் பல அவசரத்தில் பிறந்தவை. கதைகள் பிறமொழிப் படங்களிலிருந்து வந்தன. மெட்டுகள் கடல் கடந்து வந்தன. நடன விடுதிக் காட்சிகளிலே பெண்களை அலங்காரப் பொருளாகக் காட்டிய வழக்கத்தை இன்று நம் மாணவியரோடு அமர்ந்து பார்க்கும்போது மனம் கூசுகின்றது. வில்லனின் பாசறையில் மினுங்கும் சிவப்பு விளக்குகளைக் கண்டு இக்காலச் சிறுவர் சிரிப்பர். அவர் ஆண்டுக்குச் சில படங்களை மட்டும் தேர்ந்து நடித்திருந்தால் ‘நூற்றுக்கு நூறு’ போன்றவை இன்னும் சில கிடைத்திருக்கும் என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், அங்ஙனம் அவர் தேர்ந்திருந்தால் எத்தனை அடுப்புகள் எரியாமற் போயிருக்கும் என்பதையும் தராசின் மற்றத் தட்டில் வைத்தல் வேண்டும்.

இனி நம் நாட்டின் பக்கம் வருவோம். எங்கள் திருகோணமலை துறைமுகப் பட்டினம். பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டு இத்துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றபின்னும், உட்துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் உழைப்போரின் கூட்டம் இங்கு குறையவில்லை. பகல் முழுதும் மூட்டை சுமந்தோரும் வலை இழுத்தோரும் மாலையில் படமாளிகையை நாடினர். 1972ஆம் ஆண்டு அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கி, வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. புதுப்படங்கள் அருகின. ஒரே பிரதி ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்து, திரையில் மழை பெய்வதுபோற் கோடுகள் விழும்வரை ஓடியது. அந்த மழைக்கு நடுவே ஓடிக் குதித்து, இறுதியில் திருடனைப் பிடித்துக் கொடுத்த ஜெய்சங்கரை எங்கள் மக்கள் தம்முள் ஒருவராகவே கண்டனர். அவர் அரசகுமாரராக வரவில்லை. வேலைக்குப் போகும் இளைஞராக வந்தார். அதுவே காரணம் போலும்.

இதில் ஒரு முரணும் உண்டு. இந்நாட்டிலும் தமிழ்ப்படம் எடுக்கச் சிலர் துணிந்தனர். 1962ஆம் ஆண்டு ‘சமுதாயம்’, 1963ஆம் ஆண்டு ‘தோட்டக்காரி’, 1972ஆம் ஆண்டு ‘குத்துவிளக்கு’ எனப் படங்கள் வந்தன. தொழிற்சங்கத் தலைவராகிய வி. பி. கணேசன், மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை வைத்து 1975ஆம் ஆண்டு ‘புதிய காற்று’ என்னும் படத்தை எடுத்து, தாமே அதில் நடித்தார். தமிழகத்தில் ‘சிறு செலவு’ எனப்பட்ட தொகைகூட நம் கலைஞருக்குப் பெருஞ்செலவு. அங்கே சிறு படத்தைத் தாங்கிக்கொள்ள ஆண்டின் வெள்ளிக்கிழமைகள் அனைத்தும் இருந்தன. இங்கே அத்தகைய சந்தை இருக்கவில்லை. ஒழுங்காக ஓடும் சிறு படங்கள் இல்லாத இடத்தில் பெரும்படமும் வேரூன்றாது என்பதற்கு நம் நாட்டு அனுபவமே சாட்சி.

காலம் எவருக்காகவும் நிற்பதில்லை. 1970களின் இறுதியில் தமிழ்ப்படம் உருமாறியது. 1977ஆம் ஆண்டு ‘16 வயதினிலே’ வந்து, அரங்குக்குள் அடைந்து கிடந்த படப்பெட்டியைக் கிராமத்து வெயிலுக்கு அழைத்துச் சென்றது. வண்ணம் எங்கும் பரவிற்று. கமலகாசனும் இரஜினிகாந்தும் முன்னணிக்கு வந்தனர். ஜெய்சங்கருக்கு வயது நாற்பதைக் கடந்தது. இங்கேதான் அவர் வாழ்க்கையின் உண்மையான சோதனை தொடங்குகின்றது.

1980ஆம் ஆண்டு ஏவி. எம். நிறுவனத்தார் ‘முரட்டுக் காளை’ என்னும் படம் எடுத்தனர். நாயகன் இரஜினிகாந்த். வில்லனாக நடிக்க ஜெய்சங்கரை அழைத்தனர். 1965ஆம் ஆண்டு ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் அவரை நாயகனாக்கிய அதே நிறுவனம் அது. இயக்கியவர் எஸ். பி. முத்துராமன், நான்கு ஆண்டுகளுக்கு முன் ‘துணிவே துணை’ படத்தில் அவரை நாயகனாக வைத்து இயக்கிய அதே மனிதர். நேற்று வரை தாம் அமர்ந்திருந்த ஆசனத்தில் இன்று வேறொருவர் அமர்ந்திருக்க, அவர் முன்னே அடிபட்டு விழவேண்டிய பாத்திரம். எத்தனை பேருக்கு அது இயலும்? பலர் மறுத்திருப்பர், மறுத்துவிட்டு, வீட்டில் அமர்ந்து பழைய சுவரொட்டிகளைப் பார்த்துக் கொண்டிருந்திருப்பர். ஜெய்சங்கர் ஏற்றார். நன்றாகவும் செய்தார். மக்கள் வியந்தனர்.

அதன் பின்னர் இருபது ஆண்டுகள் அவருக்கு வேலை குறையவில்லை. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து 1986ஆம் ஆண்டு ‘ஊமை விழிகள்’ என்னும் படத்தை எடுத்தபோது, அஞ்சாத பத்திரிகை ஆசிரியராக அவர்களுக்குத் தோள் கொடுத்தார். 1989ஆம் ஆண்டு ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் நான்கு தீயவருள் ஒருவராக வந்தார். 1991ஆம் ஆண்டு ‘தளபதி’. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து முடித்து, 2000ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அவர் மறைந்தார்.

தொலைக்காட்சி அவருக்கு இரண்டாவது வாழ்வு அளித்தது என்பேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு தொடங்கியது. நம் ரூபவாகினி 1982ஆம் ஆண்டு தொடங்கியது. 1990களில் தமிழ்த் தனியார் அலைவரிசைகள் செய்மதி வழியே வந்தன. நாள் முழுதும் ஒளிபரப்ப அவற்றுக்குப் படங்கள் வேண்டியிருந்தன. பெரும்படங்கள் பண்டிகை நாட்களுக்கு ஒதுக்கப்பட்டன. சாதாரண நாளின் மதிய வேளையை நிரப்பியவை பழைய துப்பறியும் படங்கள். கொட்டகையில் வெள்ளிக்கிழமைகளை நிரப்பியவர், சின்னத்திரையில் மதியங்களை நிரப்பினார். மலிவான படம் என்று ஒதுக்கப்பட்டவை, அறுபதாண்டுகள் கழிந்தும் யாரோ ஒரு பாட்டியின் தனிமையை இன்றும் போக்கிக்கொண்டிருக்கின்றன.

நேயர்களே, ஓர் அதிபர் ஏன் ஒரு சினிமா நடிகரைப் பற்றி இவ்வளவு பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எங்கள் பாடசாலை வாயிலில் பதாகை கட்டுகின்றோம். மூன்று பாடங்களிலும் ‘ஏ’ சித்தி பெற்றோரின் படங்களை அதில் இடுகின்றோம். மாலையும் இடுகின்றோம். அது நன்றே. ஆனால் அந்தப் பதாகையின் கீழே தலை குனிந்து நடந்து செல்லும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கின்றேன். அவர்கள் தோற்றவர்கள் அல்லர். சித்தியடைந்தவர்களே; முதலிடம் பெறவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு இந்த மாவட்டத்தின் தபாற் கந்தோரில் இருக்கப்போவோர் அவர்கள். ஆஸ்பத்திரி விடுதியில் இரவு விழித்திருக்கப்போவோர் அவர்கள். துறைமுகத்தின் இழுவைப் படகைச் செலுத்தப்போவோர் அவர்கள். பெருங்கப்பலின் பெயரைப் பத்திரிகை எழுதும். அக்கப்பலைப் பாறையில் மோதாது கரைக்குக் கொணரும் இழுவைப் படகின் பெயரை எவரும் எழுதார். ஆயினும் அந்தப் படகு ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால், துறைமுகம் நின்றுவிடும்.

முதலிடம் ஒருவருக்கே உரியது. நேரத்துக்கு வருவதும், ஏற்ற வேலையை முடித்துக் கொடுப்பதும், உடன் உழைப்போரை மதிப்பதும் எல்லோருக்கும் உரியவை. முதலிடம் பெறாத பிள்ளைக்கு நாம் சொல்லவேண்டிய சொல் ஆறுதல் அன்று, மதிப்பு. இதனைப் பெற்றோரும் எங்களைப் போன்ற ஆசிரியரும் உணர்ந்து நடத்தல் வேண்டும்.

திருவள்ளுவர் மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். சோம்பல் இன்மை முதலில். அயராத முயற்சி அடுத்து. துன்பம் வந்துழிக் கலங்காமை அதன் பின். இவ்வரிசை ஒரு மனிதனின் வாழ்க்கை வரிசையாகவே எனக்குத் தோன்றுகின்றது. இளமையிற் சோம்பாமல் வந்து, நடுவயதில் ஓயாமல் உழைத்து, ஆசனம் கைமாறியபோது கலங்காமல் அடுத்த இருக்கையில் அமர்ந்த ஒரு நடிகரிடம் அம்மூன்றையும் காண்கின்றேன். அடுத்த முறை உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளையில் அந்த இளைஞர் துப்பாக்கியோடு ஓடி வந்தால், அலைவரிசையை மாற்றுமுன் சற்றே நின்று பாருங்கள்; பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அவர் கதையைச் சொல்லுங்கள்.